ஒரு வருத்தம், ஐந்து பெயர்

பெப்ரவரி 6, செவ்வாய்

காலையிலிருந்து ஒரே காற்று. தோட்டவெளி முழுவதும் மணல். பனையோலை அடிக்கிற சத்தத்தில் மூன்றாம் பாடம் அரைவாசிதான் கேட்டது. பள்ளிக்கூட வாசலில் கழுதை ஒன்று குட்டியோடு. கலைக்கச் சொன்னார் அதிபர். யாரும் கலைக்கவில்லை. குட்டி அவ்வளவு வடிவு.

முக்கிய செய்தி: வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு குழு வருகிறது. தரம் ஆறிலிருந்து பதினொன்று வரை எல்லாப் பிள்ளைகளையும் பார்ப்பார்கள். யாருக்குப் பிற்காலத்தில் சலரோகம், அதாவது சீனி வருத்தம், வரக்கூடும் என்று இப்போதே தேடுவது. ஸ்ரெலா ரீச்சர் சொன்னது: "வந்தாப் பிறகு பாக்கிறேல்ல பிள்ளையள். வர முதலே பிடிக்கிறது." வசனம் பிடித்தது. எழுதி வைக்கிறேன்.

இன்னும் முக்கிய செய்தி: கேள்வி வாசிக்கிற வேலை எனக்கு. "றெஜினா வாசிக்கட்டும். கோயில்ல வாசகம் வாசிக்கிற பிள்ளை. உச்சரிப்புச் சுத்தம்." வகுப்பு முழுவதும் திரும்பிப் பார்த்தது. நான் மேசையைப் பார்த்தேன். உள்ளுக்குள் நல்ல சந்தோஷம்.

பள்ளிக்கூடம் விட்டு கௌசல்யாவோடு கடைக்கு. (இனி கௌ. என்று எழுதுவேன். நீளமான பெயர்.) என் பக்கத்து இருக்கை. அவளுடைய அம்மாவும் அப்பாவும் உயிலங்குளத்துப் பக்கத்து ஆட்கள். சண்டைக்காலத்தில் இந்தியா போனவர்கள். கௌ. அங்கே முகாமில் பிறந்தவள். திரும்பி வந்து இரண்டு வருடம். உயிலங்குளத்துக் காணி பற்றைக்காடாகக் கிடப்பதால் இங்கே வாடகை வீடு. அப்பா மேசன்.

கடையில்:

"அண்ணா, கால் கிலோ சக்கரை."

கடைக்கார அண்ணா ஒரு சர்க்கரைக் கட்டியை உடைத்துச் சுற்றிக் கொடுத்தார்.

"இது வெல்லம்ணா."

"இதுதான் பிள்ளை சர்க்கரை."

"வெள்ளையா இருக்கும்ல, டீக்குப் போடறது."

"அது சீனி. சீனி எண்டு கேட்டிருந்தால் சீனி தந்திருப்பன்தானே."

வழி முழுவதும் முறைப்பாடு. "ரெண்டு வருஷம் ஆச்சு ரெஜி, இன்னும் நாக்கு அங்கேயே கெடக்கு."

அவளுடைய சொற்கள், எனக்குப் பிடித்தவை: நாற்காலி (கதிரை), பீரோ (அலுமாரி), நோட்டு (கொப்பி), அப்புறம் (பிறகு). "அப்புறம்" மிகவும் பிடிக்கும். ஒரு முறை தமிழ்க் கட்டுரையில் போட்டேன். ரீச்சர் கீழே கோடு போட்டார்.

பெப்ரவரி 8, வியாழன்

வெயில். காற்று கொஞ்சம் குறைவு. மண்டபத்தில் மூன்று மேசை. ஒன்றில் எடை, உயரம், இடுப்பளவு. இரண்டாவதில் கழுத்து பார்ப்பது. (கழுத்தில் என்ன பார்ப்பார்கள்? கேட்க நேரம் கிடைக்கவில்லை.) மூன்றாவதில் நேர்ஸ் மிஸ்ஸும் நானும், குடும்பக் கேள்விக்கு.

எடை, கழுத்து, குடும்பம். இந்த மூன்றில் இரண்டு இருந்தால் பிள்ளையை 17ஆம் திகதி சனிக்கிழமை வெறும் வயிற்றோடு வரச் சொல்வார்கள், இரத்தம் பார்க்க. ஒன்று மட்டும் என்றால் இல்லை.

நான் வாசித்தது: "உமது குடும்பத்தில் எவருக்காவது சலரோகம் உண்டா?" லகரம், ரகரம், ணகரம் எல்லாம் சுத்தம். காலை முழுவதும் ஒரே வசனம். தொண்டை கட்டிவிட்டது.

கேட்ட பதில்கள்:

"அப்பப்பாவுக்கு. செத்துப் போனார். அவரையும் சொல்லுறதோ?"

"சின்னம்மாவுக்கு இருக்கு. ஆனா அவ எங்களோட கதைக்கிறேல்ல." இதற்கு நேர்ஸ் மிஸ்: "சொல்லுங்கோ. வருத்தத்துக்குச் சண்டை சச்சரவு தெரியாது."

டிலுக்சன் இடுப்பளவு எடுக்கும்போது மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு நின்றான். அளக்கிற மிஸ் நாடாவைப் பிடித்தபடி பேசாமல் இருந்தார். இவன் முகம் சிவந்தது. "விடுங்கோ தம்பி. நான் பின்னேரம் வரைக்கும் நிப்பன். நீங்கள் நிப்பீங்களோ தெரியாது." மண்டபம் முழுவதும் சிரிப்பு.

கௌ. வந்தாள். இன்று ஒரு டின் பவுடர் முழுவதும் கழுத்தில். சட்டைக் கொலர் எல்லாம் வெள்ளை. இரண்டு பின்னலையும் முன்னால் விட்டிருந்தாள். கழுத்து மேசையில் மிஸ் ஒரு பார்வை பார்த்துவிட்டு "அடுத்தது" என்றார். பின்னால் நீண்ட வரிசை. என் மேசையில் கேள்வி.

"இல்ல," என்றாள். "யாருக்கும் இல்ல."

எடை மட்டும் கொஞ்சம் அதிகம். ஒன்றுதான். போகலாம் என்றார்கள்.

எனக்கு மூன்றிலும் ஒன்றும் இல்லை. ஊசி குத்துவதைப் பக்கத்திலிருந்து பார்க்க முடியாதே என்று ஒரு சின்ன ஏமாற்றம். அம்மாவிடம் சொன்னேன். "உனக்கு விசரோ பிள்ளை" என்றா.

பெப்ரவரி 9, வெள்ளி

மேகம். மழை இல்லை. கணிதப் பரீட்சை பரவாயில்லை.

அறிவித்தல் பலகையில் குழு ஒட்டிவிட்டுப் போன படம். இடைவேளையில் எல்லோரும் றோல்ஸ் வாங்கப் போக நான் நின்று வாசித்தேன். (எது ஒட்டினாலும் வாசிக்கிற பழக்கம். ஏலவிற்பனை அறிவித்தலும் வாசிப்பேன்.) ஒரு பிள்ளையின் பின்கழுத்து, பெரிதாக. கழுத்தைச் சுற்றிக் கறுப்பாக, தடிப்பாக, வெல்வெட் துணி மாதிரி. கீழே: இது அழுக்கு அல்ல, கழுவினால் போகாது, உடம்பு சீனியைக் கையாளக் கஷ்டப்படுவதன் அடையாளமாக இருக்கலாம்.

இரண்டு தரம் வாசித்தேன்.

கௌ. வீட்டுக் கிணற்றடியில் இதே கழுத்தைக் கண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அவளுடைய அம்மா தும்பும் சவர்க்காரமும் போட்டுத் தேய்ப்பா. "போக மாட்டேங்குது பாரு, எங்க போய்ப் புரண்டியோ." கௌ. பல்லைக் கடித்துக்கொண்டு குந்தியிருப்பாள். போன வருட விளையாட்டுப் போட்டியில் டிலுக்சன் "ஊத்தைக் கழுத்து" என்று கூப்பிட்டான். அந்த வாரத்திலிருந்துதான் பவுடர்.

ஆகவே எடை ஒன்று, கழுத்து இரண்டு. சனிக்கிழமை அவளும் போகவேண்டியவள்.

பஸ் தரிப்பிடத்தில் சொன்னேன். படத்தைப் பற்றி, மெதுவாக. சொல்லி முடியவில்லை.

"நீயும் என் கழுத்தத்தான் பாக்குறியா?"

"இல்லையடி, அது ஊத்தை இல்லை எண்டுதான்..."

"ஊத்தைங்கற வார்த்தையச் சொல்லாத."

போய் முன் இருக்கையில் ஏறிக்கொண்டாள். நான் பின்னால். இறங்கும்போதும் திரும்பிப் பார்க்கவில்லை.

இரவுச் சாப்பாடு: புட்டு, மீன் குழம்பு. ருசி தெரியவில்லை.

பெப்ரவரி 11, ஞாயிறு

காலைப் பூசை. வாசகம் வாசித்தேன், ஓரிடத்தில் தடுமாற்றம். பூசை முடிந்து நேரே கௌ. வீட்டுக்கு. போவதா வேண்டாமா என்று வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். அவளுடைய அம்மா கண்டுவிட்டா.

"உள்ள வா பிள்ள. ஏன் வெளிய நிக்கிற? ஏய் கௌசி, ரெஜி வந்திருக்கு பாரு."

(அவளுடைய அம்மா சின்ன வயதில் இங்கிருந்து போனவ. பாதி எங்கள் பேச்சு, பாதி அங்கத்தைப் பேச்சு. ஒரே வசனத்துக்குள்ளேயே கடல் தாண்டுவா.)

கௌ. தேத்தண்ணி கொண்டுவந்தாள். முகம் உம்மென்று. மூன்று கோப்பை. அம்மா ஒன்றை எடுத்துக் குடித்துவிட்டு:

"இதுல சக்கரை போட்டிருக்க. எனக்கு சுகர் இருக்குன்னு தெரியாதா?"

"மாத்திட்டேன் போல. இதான் ஒன்னோடது."

எனக்குக் கோப்பை கையில் நின்றுவிட்டது. ரீவிக்கு மேலே மாத்திரை அட்டை.

"அன்ரி, உங்களுக்குச் சலரோகமா?"

"சேச்சே. சளி கிளி ஒண்ணும் இல்ல பிள்ள. சுகர் மட்டும்தான். இந்தியால கௌசி பொறந்ததுலேருந்து."

கௌ.வைப் பார்த்தேன். "வியாழக்கிழமை நான் கேட்டனான்தானே. இல்லை எண்டு சொன்னனீ."

"நீ சலரோகம்னு கேட்ட. ஜலதோஷம் யாருக்கு இருக்குன்னு கேக்குறேன்னு நெனச்சேன். எங்க வீட்ல யாருக்கும் மூக்கு ஒழுகல."

முதலில் அவளுடைய அம்மா சிரித்தா. பிறகு நான். பிறகு சிரிக்கக் கூடாது என்று இருந்த கௌ.வும். தேத்தண்ணி மூக்கில் ஏறி எனக்கு இருமல். "பாரு, இதான் ஜலதோஷம்" என்றாள்.

என்னுடைய சுத்தமான உச்சரிப்பு. அவ்வளவு சுத்தமாகச் சொன்னேன். சொன்னது அவளுக்கு வேறு வருத்தம்.

பெயர்கள், இதுவரை சேர்த்தவை:
சலரோகம் - ஆஸ்பத்திரிக்காரர், ரீச்சர்மார்
நீரிழிவு - பாடப்புத்தகம்
சீனி வருத்தம் - எங்கள் வீடு, கடைக்கார அண்ணா
சுகர் - கௌ. வீடு
சக்கரை வியாதி - அதுவும் கௌ. வீடுதான். இதை இங்கே சொன்னால் சர்க்கரைப் பொங்கலால் வரும் வருத்தம் என்று நினைப்பார்கள்.

போகும்போது படலையில் வைத்துக் கேட்டேன். எடை, அம்மா, கழுத்து. மூன்றுமே. சனிக்கிழமை வருவாயா?

"சுகர் இருக்குன்னு சொன்னா அடுத்து கழுத்தக் காட்டுன்னு சொல்லுவாங்க."

"காட்டினால் என்ன?"

"ஒனக்கு என்ன. இங்கேயே பொறந்த. நான் காட்டினா, முகாம்லேருந்து வந்ததுங்க குளிக்காதுங்கன்னுதான் சொல்லுவாங்க. கடைல சொல்லிக் கேட்டிருக்கேன்."

இதற்கு மறுமொழி எந்தப் புத்தகத்திலும் வாசித்த ஞாபகம் இல்லை.

பெப்ரவரி 12, திங்கள்

நல்ல வெயில். கழுதைக்குட்டி மண்டபத்துக்குள் வந்தது. என் தம்பி அதற்கு "குவேனி" என்று ஒரு ராணியின் பெயரை வைத்திருக்கிறான். ஆண் குட்டியாம்.

ஸ்ரெலா ரீச்சரிடம் சொன்னேன். கௌ. பெயரைச் சொல்லாமல்: இந்தியாவிலிருந்து வந்த பிள்ளைகளுக்குச் சலரோகம் என்ற சொல் விளங்கவில்லை ரீச்சர். ஜலதோஷம் என்று நினைத்திருக்கிறார்கள்.

ரீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தா. "கடவுளே. இவ்வளவு காலம் இதைத்தானே கேட்டுக்கொண்டு வாறம்."

குழு புதன்கிழமை வருகிறதாம், வராமல் விட்டவர்களைப் பார்க்க. அத்துடன் சனிக்கிழமைக்கான பெயர்களை முடித்துவிடுவார்கள். உடனே கூட்டம் கூட்டினார்கள். ஒலிவாங்கியில் நான்: "வீட்டில யாருக்கும் சலரோகம், நீரிழிவு, சீனி வருத்தம், சுகர், சக்கரை வியாதி இருக்கோ? எல்லாம் ஒண்டுதான்." உச்சரிப்பைப் பற்றி யோசிக்கவில்லை.

புதிதாகக் கைகள். நிறைய. இந்தியாவிலிருந்து வந்த பிள்ளைகள் மட்டும் இல்லை. தரம் ஆறில் ஒரு பையன்: "சுகர் எண்டால் அதுவோ? எங்கட அப்பாவுக்கு அது இருக்கு. நான் அது நல்லது எண்டெல்லோ நினைச்சனான்." எல்லோரும் சிரித்தார்கள். அவனும்.

கௌ. கை உயர்த்தவில்லை. சப்பாத்து நுனியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

நானே போய் நேர்ஸ் மிஸ்ஸிடம் சொல்லிவிடலாம். சொல்வது சரியா? சொன்னால் என்னோடு கதைக்க மாட்டாள். சொல்லாமல் விட்டால், அவளுக்குள் என்ன நடக்கிறதோ அது ஒருவருக்கும் தெரியாமல் நடக்கும். புதன் வரை பார்ப்பது. அவளாகச் சொல்லாவிட்டால் நான் சொல்வேன். முடிவு செய்தாயிற்று.

பெப்ரவரி 14, புதன்

விபூதிப் புதன். ஆறு மணிப் பூசை. பனி. ஃபாதர் எல்லோருக்கும் நெற்றியில் சாம்பல் பூசினார். தம்பிக்கு மூக்கிலும் கொட்டி, தும்மல். இன்று முதல் தவக்காலம். ஒருசந்தி (ஒரு நேரம் மட்டும் சாப்பாடு) இருக்கலாம் என்று நினைக்கிறேன், அம்மா விட்டால்.

அப்படியே பள்ளிக்கூடம். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் நெற்றியில் கறுப்போடு. டிலுக்சனுக்குப் பெரிய பூச்சு. வியர்வையில் கரைந்து புருவம் வரை வந்திருந்தது.

கௌ. எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். (போன வருடம் இந்த நாளில் அவளுக்குக் காய்ச்சல்.)

"இன்னைக்கு என்ன, எல்லாரும் நெத்தில கரியோட?"

"விபூதிப் புதன்," என்றேன்.

"உங்களுக்கும் விபூதியா?"

"ஓம். துடைக்கக் கூடாது. தானாப் போகுமட்டும் விட வேணும்."

டிலுக்சன் பக்கம் திரும்பினாள். "டிலுக்சன், நீ மூஞ்சி கழுவலையா இன்னைக்கு?"

"இது சாம்பல். கோயில்ல பூசினது. ஊத்தை இல்லை."

"பாக்க அப்படித்தானே இருக்கு."

"பாக்க எப்பிடி இருந்தால் என்ன? இல்லைதானே?"

அவன் சாதாரணமாகச் சொல்லிவிட்டுக் கொப்பியைத் திறந்தான். அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை. கௌ. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு அவனுடைய குரலில், எங்கள் பேச்சில், தனக்குத்தானே: "இல்லைதானே." ஒரு சின்னச் சிரிப்பு.

இடைவேளை மணி. லேஞ்சியை எடுத்துக்கொண்டு பைப்படிக்குப் போனாள். நனைத்தாள். கழுத்தைத் துடைத்தாள். பவுடர் பால் மாதிரி வழிந்தது. நான் கிட்டப் போனேன்.

"நீ வராத. நானே போறேன்."

மண்டபக் கதவடியில் நின்றேன். (ஒட்டுக் கேட்பது சரியில்லை. கேட்டேன்.)

நேர்ஸ் மிஸ்: "இதை ஏன் பிள்ளை போன கிழமை காட்டேல்ல?"

"பவுடர் போட்டிருந்தேன் மிஸ்."

"ஏன்?"

"அழுக்குன்னு சொல்லுவாங்க."

மிஸ் பேனையை வைத்துவிட்டா. "ஆர் சொன்னது? இது ஊத்தை இல்லை. தோல் சொல்லுற சேதி. நல்லது, சொல்லிட்டுது. வீட்டில ஆருக்கும் சலரோகம் இருக்கோ?"

"அம்மாவுக்கு சுகர் இருக்கு மிஸ். ஜலதோஷம் இல்ல."

மிஸ்ஸுக்கு விளங்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்து கதவில் முட்டிவிட்டேன். கௌ. திரும்பிப் பார்த்தாள். முறைத்தாள். பிறகு அவளும்.

சனிக்கிழமைப் பெயர்களில் அவளும். நான் ஒன்றும் சொல்லவேண்டி வரவில்லை. அப்பாடா.

பெப்ரவரி 17, சனி

விடியவே பள்ளிக்கூடம், நேர்ஸ் மிஸ்ஸுக்கு உதவியாக. கடற்காற்று, கொஞ்சம் குளிர். பசியோடு ஒரு மண்டபம் நிறையப் பிள்ளைகள். ஒருவரும் ஒருவரோடும் நல்ல முகத்தோடு பேசவில்லை.

வெறும் வயிறு என்றால் என்ன என்பதில் குழப்பம். நேர்ஸ் மிஸ்ஸும் தரம் ஏழுப் பிள்ளை ஒன்றும்:

"சாப்பிட்டதோ?"

"இல்லை மிஸ். ஒருசந்தி."

"கெட்டிக்காரி. தேத்தண்ணி?"

"அது குடிச்சனான். ஒருசந்திக்குத் தேத்தண்ணி குடிக்கலாம்."

"சீனி போட்டோ?"

"ரெண்டு கரண்டி. பாவமில்லை எண்டு அம்மா சொன்னவ."

"பாவமில்லைத்தான் பிள்ளை. ஆனா மெஷின் கோயிலுக்குப் போறேல்ல."

அப்படிக் குடித்துவிட்டு வந்தவர்கள் கனபேர். எல்லோரையும் திங்கட்கிழமை திரும்ப வரச் சொல்லி அனுப்பினார்கள். ஒரு பையன் பயந்துகொண்டு, "காலமை பூசையில நன்மை எடுத்தனான், அதுவும் சாப்பாட்டுக்க வருமோ?" மிஸ் சைவ சமயம். என்னைப் பார்த்தா. பூசையில் தருகிற அந்த அப்பத்தின் அளவை விரலால் காட்டினேன். குழுவோடு வந்த டொக்டர் யோசித்துவிட்டு, "அவ்வளவு எண்டால் பரவாயில்லை. நீர் இரும்" என்றா. எருக்கலம்பிட்டியிலிருந்து வருகிற ஃபர்ஹானா பெருமையோடு: "நாங்கள் நோன்பு பிடிச்சுப் பழகின ஆக்கள். தண்ணியும் குடிக்கேல்ல." தண்ணீர் குடிக்கலாம் என்றதும் அவள் முகம்: "முதலே சொல்லியிருக்கலாம்தானே மிஸ்."

கௌ. அவளுடைய அம்மாவோடு வந்தாள். அம்மா நல்ல சேலை உடுத்தியிருந்தா. கௌ. கையைப் பிடித்தேன், குளிர். விரலில் குத்தினார்கள். நான் பார்த்தேன். ஊசி என்று நினைத்தது பேனை மாதிரி ஒன்று, டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். கொஞ்சம் சப்பென்று போய்விட்டது.

டொக்டர் மெஷினைப் பார்த்தா. எங்களை விட இரண்டு மூன்று வயதுதான் கூட மாதிரித் தோற்றம். "கொஞ்சம் கூடத்தான். இதை மட்டும் வைச்சு ஒண்டும் சொல்லேலாது. கையில இரத்தம் எடுத்து அனுப்புவம். வியாழக்கிழமை மறுமொழி."

பிறகு கௌ.வைத் திருப்பிக் கழுத்தைப் பார்த்தா. தோல் ஓரத்தில் சிவந்து உரிந்திருந்தது. அவளுடைய அம்மாவிடம்: "அம்மா, இதைத் தேய்க்கிறீங்களோ?"

"ஆமா டொக்டரம்மா. அழுக்குப் போகவே மாட்டேங்குது."

"இது அழுக்கு இல்லை. எவ்வளவு தேய்ச்சாலும் போகாது. உள்ளுக்க சரியானால் இதுவும் மெல்ல மங்கும்."

அவ கழுத்தையே பார்த்தா.

"அப்ப நான் இத்தன நாளா எதத் தேய்ச்சேன்?"

அவ மகளுடைய பின்னல்களை விலக்கி, சேலைத் தலைப்பால் அந்த இடத்தை ஒற்றினா. தேய்க்கவில்லை. ஒற்றினா.

"எரிஞ்சுதாடி?"

"எரிஞ்சுது."

"சொல்லியிருக்கலாம்ல."

"அழுக்குன்னு நெனச்சேன்ம்மா. போயிரும்னு."

நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். வெளியே கழுதைக்குட்டி யாருடைய சப்பாத்தையோ முகர்ந்துகொண்டிருந்தது.

இரத்தம் எடுத்தபின் எல்லோருக்கும் அவித்த கடலை, வாழைப்பழம். ஒரு நிமிடத்தில் மண்டபம் பழைய மண்டபம். கௌ. என் பங்குக் கடலையையும் சாப்பிட்டாள்.

பெப்ரவரி 19, திங்கள்

தேத்தண்ணிக் கோஷ்டி திரும்ப வந்தது. ஒன்று மட்டும் இன்றும் குடித்துவிட்டு. "இண்டைக்குச் சீனி போடேல்ல மிஸ். சர்க்கரையைக் கடிச்சுக்கொண்டு குடிச்சனான்."

கௌ. வீட்டில் யாரும் தூங்கவில்லையாம். அப்பா நடந்துகொண்டே இருந்தாராம்.

பெப்ரவரி 22, வியாழன்

மறுமொழி.

காலையில் கௌ. பாடத்துக்கு இருக்கவில்லை, அம்மாவோடு ஆஸ்பத்திரி. வரலாற்றுப் பாடத்தில் ரீச்சர் கேட்ட கேள்வி எனக்குத் தெரியும். கை உயர்த்த மறந்துவிட்டேன். இது முதல் தடவை.

மூன்றாம் பாடத்தில் வாசலில் அவள். ரீச்சர் "வாரும்" என்றா. வந்து இருந்து, புத்தகம் எடுத்து, பக்கம் புரட்டி, அதற்குப் பிறகுதான் கொப்பி ஓரத்தில் எழுதிக் காட்டினாள்: பாஸும் இல்ல ஃபெயிலும் இல்ல.

இடைவேளையில் முழுக்கதை. வருத்தம் இன்னும் வரவில்லை. வருகிற பாதையில் நிற்கிறது. இப்போது கண்டபடியால் திருப்பி அனுப்பலாமாம். மாத்திரை இல்லை. சோடா, பணிஸ் குறைப்பு. ஒவ்வொரு நாளும் வியர்க்க வியர்க்க ஏதாவது விளையாட்டு. சில மாதத்தில் திரும்பப் பார்ப்பார்கள்.

"கண்டுபிடிக்காம விட்டிருந்தா?" என்று டொக்டரைக் கேட்டாளாம்.

"அம்மாவின்ர வயசுக்கு முதலே அம்மாவின்ர மாத்திரை" என்றாவாம் டொக்டர்.

இதைச் சொல்லும்போது மட்டும் குரல் கொஞ்சம் இறங்கியது. பிறகு வீட்டுக் கதை. இன்று காலையிலிருந்து எல்லோருக்கும் சீனி இல்லாத தேத்தண்ணி. அப்பா: "சாந்துச்சட்டி தூக்குறவன் நான். எனக்குமா?" அம்மா: "உங்களுக்குந்தான். குடிங்கோ." இந்த வசனத்தில் "குடிங்கோ" மட்டும் நம்முடைய தமிழ் என்று சொல்லிச் சிரித்தாள்.

வலைப்பந்து வேண்டாமாம். நடக்கலாமாம், பின்னேரங்களில், கடற்கரைப் பக்கம். நான் வரவேண்டும். புத்தகம் கொண்டுவரலாமா என்று கேட்டேன். "வாசிச்சுக்கிட்டே நடந்தா கழுதைல முட்டுவ."

இன்று முதல் நடை. முட்டவில்லை. கால் நோகிறது.

பெப்ரவரி 24, சனி

எழுத நிறைய. நேரம் குறைவு. அம்மா விளக்கை அணைக்கச் சொல்லுமுன் முடிக்கவேண்டும்.

நேர்ஸ் மிஸ் அதிபரிடம் கேட்டு எங்கள் இரண்டு பேரையும் இலுப்பைக்கடவைக்குக் கூட்டிக்கொண்டு போனா. அங்கே இந்தியாவிலிருந்து வந்த குடும்பங்கள் அதிகம். "ஒராள் இங்கத்தைத் தமிழுக்கு, ஒராள் அங்கத்தைத் தமிழுக்கு." ஆஸ்பத்திரி வானில் முன் இருக்கை. பாலத்தில் போகும்போது தண்ணீரில் பூநாரைகள், தூரத்தில் இளஞ்சிவப்புக் கோடாக. மிஸ் நித்திரை. கௌ. வழி முழுவதும் வானோட்டி அண்ணாவோடு சினிமாக் கதை.

பொதுநோக்கு மண்டபம். கூட்டம். முதலில் நான் எங்கள் தமிழில் கேட்டேன். பிறகு கௌ. வாங்கில் ஏறி நின்றாள். "சுகர், சக்கரை வியாதி, இங்க சலரோகம்னு சொல்லுவாங்க. மூக்கு ஒழுகுறது இல்ல. யார் வீட்ல இருக்கோ கையத் தூக்குங்க. வெக்கப்பட ஒண்ணும் இல்ல." ஒரு ஐயா பின்னாலிருந்து, "இந்தப் பிள்ளை எந்த ஊர்?" கௌ.: "தோட்டவெளி." யோசிக்காமல் சொன்னாள். நான் கவனித்தேன்.

கழுத்து மேசையில் ஒரு சின்னப் பிள்ளை. தரம் ஆறாக இருக்கும். இந்த வெயிலில் கழுத்தைச் சுற்றித் துவாய். கழற்ற மாட்டாள். தாய் இழுக்கிறா, அவள் இறுக்கிப் பிடிக்கிறாள். "காட்டு பிள்ள, மிஸ் பாக்கட்டும்." அழப்போகிற முகம். மிஸ் என்ன சொல்லியும் இல்லை. நானும் ஏதோ விளக்கம் சொல்லத் தொடங்கினேன். படத்தில் வாசித்ததை எல்லாம். பாதியில் நிறுத்திவிட்டேன்; அவள் கேட்கவே இல்லை.

கௌ. வாங்கிலிருந்து இறங்கி வந்தாள். அந்தப் பிள்ளைக்கு முதுகைக் காட்டிக் குந்தினாள். இரண்டு பின்னலையும் தூக்கிப் பிடித்துக் கொலரை இறக்கினாள்.

பிள்ளை பார்த்தாள். நன்றாகப் பார்த்தாள். விரலால் ஒரு தரம் தொட்டாள்.

"அக்கா, இது வலிக்குமா?"

"வலிக்காது. தேய்ச்சாத்தான் வலிக்கும்."

துவாயைத் தானே கழற்றி என் கையில் தந்தாள்.